"யார் செய்தது?" என்று கேட்பதை விட்டேன்

பாம்பனில் எங்கள் வீடு. மகனுக்கு 5 வயது. எது உடைந்தாலும், "பூனைதாம்மா" என்பான். அடித்துப் பார்த்தேன், பொய்தான் கூடியது. தெரிந்துகொண்டே "யார் செய்தது?" என்று கேட்டு, நானேதான் அவனைப் பொய்க்குள் தள்ளியிருக்கிறேன். பாவம், பிள்ளை!

ஒருநாள் அவன் அப்பாவின் தூண்டில் நரம்பு சிக்கலாகிக் கிடந்தது. கேள்வியே கேட்கவில்லை. "வாய்யா, சேர்ந்து பிரிப்போம்" என்று திண்ணையில் உட்கார்ந்தேன். பாதி பிரிப்பதற்குள், "நான்தாம்மா எடுத்தேன்" என்றான். "சொன்னியே, அதுவே எனக்குச் சந்தோஷம்" என்று அணைத்துக்கொண்டேன். 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையொட்டியதுதான்: பொய்யன் தண்டனை பெறும் கதையைச் சொன்னபோது பிள்ளைகள் உண்மை சொல்வது கூடவில்லை, உண்மை சொன்னவனைப் பாராட்டும் கதையைச் சொன்னபோது கூடியது.

போன வாரம் குடிதண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிட்டான். எங்கள் பக்கம் நல்ல தண்ணீரின் அருமை தெரியுமே! அவனே ஓடிவந்து சொன்னான். துணியைக் கொடுத்தேன், துடைத்தான்.