ஆப்பிள் கவாத்து: கிளையிலும் மொட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு குளிர்காலத்திலும், சிம்லா மாவட்டத்தின் கோட்கர் பகுதித் தோட்டங்களில் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கும் வேலை, தொடங்கியதும், எங்கள் தலைமுறை செய்து நட்டப்பட்டுக் கைவிட்ட தவறுகளையே புதிதாக மரம் வளர்ப்போர் செய்வதைக் காண்கிறேன். மழுங்கிய கத்தரி, மருந்து பூசாத வெட்டுவாய் ஆகியவற்றை எவரும் ஒரே பருவத்தில் திருத்திக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்வன ராயல் டெலிஷியஸ் என்னும் ஆப்பிள் வகை மரங்களை மனத்தில் வைத்துச் சொல்வன.

ஓராண்டு இளங்கிளைகளை எல்லாம் நுனி வெட்டுவது

மிகுந்த இழப்பைத் தருவதும், இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. ராயல் டெலிஷியஸ் பெரும்பாலும் குறுங்கிளைகளில், அதாவது நீளாமல் குட்டையாக நின்று பூமொட்டைத் தாங்கும் சிறு கிளைகளில், காய்ப்பது. இவ்வாண்டு நீளும் இளங்கிளையின் பக்கமொட்டுகள் அடுத்த ஆண்டு குறுங்கிளைகளாகி, அந்தக் கோடையிலேயே தம் நுனியில் பூமொட்டை உருவாக்கி, மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் மலர்கின்றன. நுனியை வெட்டியதும், அதுவரை அடங்கியிருந்த மூன்று நான்கு மொட்டுகள் வெட்டுக்குக் கீழே நீண்ட கிளைகளாக எழும்புகின்றன. காய்க்க வேண்டிய மொட்டுகள் இவ்வாறு காய்க்காத வெறுங்கிளைகளாகிவிடுகின்றன. மறு குளிர்காலத்தில் அவற்றையும் வெட்டினால் உச்சி துடைப்பம்போல் அடர்ந்து, உட்கிளைகளுக்கு வெயில் போகாது. முழு வெயிலில் ஏறத்தாழ 30 விழுக்காடாவது கிடைக்காத குறுங்கிளையில் பூமொட்டு சரியாக உருவாவதில்லை.

எங்கள் சரிவுக்குக் கீழே ஓர் இளைஞர் தம் மரங்களை ஆண்டுதோறும் ஒரே உயரத்தில் வெட்டிவந்தார். பூ வராததைப் பசியின் அறிகுறி என்று எண்ணி யூரியாவைக் கூட்டினார். கிளைகள் மேலும் நீண்டன, பூ மேலும் குறைந்தது. ஒரு குளிர்கால வெட்டுக்குக் கொடுக்கும் விலை அந்த ஒரு பருவத்தோடு முடிவதில்லை என்பதை அவரிடம் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

நீள வேண்டிய தலைமைக் கிளையைத் தவிர, மற்ற இளங்கிளைகளில் வேண்டாதவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். வேண்டியவற்றை நுனி தொடாமல் விட்டு, நிமிர்ந்து நிற்பவற்றைச் செங்குத்திலிருந்து 60 பாகை அளவுக்குச் சாய்த்துக் கட்டுங்கள். கிடைமட்டத்துக்கும் கீழே வளைத்தால் முதுகில் நீர்ப்போத்துகள், அதாவது செங்குத்தாக வேகமாய் நீளும் காய்க்காத கிளைகள், கிளம்பும்.

பூ நிறைகிறதென்று கிழட்டுக் குறுங்கிளைகளைக் காப்பது

பல ஆண்டுகளாகக் கிளைத்துக் கொத்தாகிப்போன குறுங்கிளைகள் ஏப்ரலில் வெள்ளையாகப் பூத்துக் கண்ணை ஏமாற்றும், காய்களோ சிறுத்துப்போகும். கொத்தின் அடிப்புறத்திலும் நிழலிலும் உள்ளவற்றை வெட்டி, வெயில் படும் பருத்த மொட்டுகளை மட்டும் நிறுத்துங்கள். நல்ல காய்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு வயதுள்ள கிளைப்பகுதிகளில்தான் விளைகின்றன.

மொட்டைப் பார்க்காமல் வெட்டுவது

பருத்து, மென்மயிர் படர்ந்திருப்பது பூமொட்டு. ஒல்லியாகக் கிளையோடு ஒட்டியிருப்பது இலைமொட்டு. ஐயம் இருந்தால் ஒன்றைப் பிளந்து பாருங்கள்.

தொங்கும் கிளைகள்

காய் சிறுக்கும், நிறம் பிடிக்காது; எடுத்துவிடுங்கள்.

காயைக் குறைக்கத் தயங்குவது

ஒரு மொட்டிலிருந்து பெரும்பாலும் 5 அல்லது 6 பூக்கள் வரும். முதலில் விரியும் நடுப்பூவே பொதுவாகப் பெரிய காயைத் தரும். எல்லாக் காய்களையும் விட்டுவைத்தால், அவற்றின் விதைகளில் சுரக்கும் ஜிப்ரெலின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு உருவாவதைத் தடுத்து, மரத்தை ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கச் செய்துவிடும். ஆகவே இதழ் உதிர்ந்த சில வாரங்களுக்குள் கொத்துக்கு ஒரு காயை மட்டும் நிறுத்துங்கள். உறைபனியில் நடுப்பூ கருகியிருந்தால், பக்கக் காய்களில் தடித்த காம்புள்ள ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.