வடசென்னையில் மக்களோடு வேலை செய்ய வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்ததும், அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததும் பல இளைஞர்களை எண்ணூருக்கு அழைத்து வந்தன. அவர்களுடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நான் செய்த பழைய தவறுகளை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

மக்களுக்காக நாமே பேசிவிடுவது

1996இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹேமெஸ் என்னும் இடத்தில் கூடிய செயற்பாட்டாளர்கள், சேர்ந்து வேலை செய்வதற்கு ஆறு நெறிகளை வகுத்தார்கள். 'மக்கள் தங்களுக்காகத் தாங்களே பேசட்டும்' என்பது அவற்றுள் மூன்றாவது. எங்களில் அதை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் மனு எழுத உட்கார்ந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், கழிமுகத்தில் மீன்பாடு குறைந்து குப்பங்கள் தவித்த சமயத்தில், நாங்கள் மூவர் ஓர் இரவு முழுவதும் கண்விழித்து இழப்பீட்டு மனு ஒன்றை எழுதினோம். சட்டப் பிரிவு, வரைபடம், நீர்ப் பரிசோதனை அறிக்கை என எதிலும் குறையில்லை. வாழ்வாதார இழப்பை மட்டும் படகுக் கணக்கில் எழுதினோம், ஏனென்றால் எங்கள் கைக்குக் கிடைத்தது படகுப் பட்டியல்தான். மறுநாள் சாரத்தை மட்டும் சொல்லிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோம்.

அடுத்த வாரம் ஒரு பெண்மணி என்னை நிறுத்தினார். படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு நீரில் சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடித்து, பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறியில் போட்டுக்கொள்பவர் அவர். "நீங்க எழுதுன காயிதத்துல நாங்க எங்க இருக்கோம், தம்பி?" என்று கேட்டார். அவருடைய கைநாட்டு அந்த மனுவில் இருந்தது; அவருடைய தொழில் இல்லை. திருத்தக் கோரிப் போனபோது, "நீங்கள்தானே படகுக் கணக்குக் கொடுத்தீர்கள்?" என்றார்கள் அதிகாரிகள். அந்த முறை வந்த நிவாரணம் இறால் தடவுவோர் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அந்த இழப்பை அவர்கள் தலையில் சுமத்தியது எங்கள் மனு.

இப்போது வரைவை அவர்கள் உட்காரும் திண்ணையிலேயே வரிவரியாக உரக்கப் படிக்கிறோம். இறால் தடவுவோர், கூடையில் மீன் விற்போர், வலை பின்னுவோர் ஆகிய எல்லாரிடமும் 'யார் விடுபட்டிருக்கிறார்கள்?' என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்குகிறோம். இதற்குக் கூடுதலாக இரண்டு மாலைகள் ஆகும். 'நாளை கடைசி நாள், நேரமில்லை' என்று புதியவர்கள் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஆலை போன்ற திட்டங்களுக்கு அனுமதி தருமுன் நடத்தும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த 30 நாளில் முதல் நாளே தெருவுக்குப் போயிருந்தால் கடைசி நாள் அவசரம் எங்கிருந்து வரும்?

கருத்துக்கேட்பு முடிவதற்குள் கலைந்து போவது

அதே அறிவிக்கை, பேசப்பட்டவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் இறுதியில் மக்கள் மொழியில் விளக்கிப் படித்துக்காட்ட வேண்டும் என்கிறது. பேசி முடித்த களைப்பில் நாம் எழுந்து போய்விட்டால், பதிவில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு ஆளிருக்காது. ஊர்க்காரர்களில் நால்வராவது இறுதிவரை அமர்ந்து, விடுபட்ட கருத்தை அங்கேயே சொல்லிச் சேர்க்கச் செய்ய வேண்டும்.

ஆலைத் தொழிலாளியை எதிரணியில் நிறுத்துவது

அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்பவரும் அதே குப்பத்துப் பிள்ளைதான். சாம்பல் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பது பல நேரங்களில் அவருக்குத்தான் முதலில் தெரியும். மேடையில் அவரைச் சாடினால், அவர் நம்மிடம் பேசுவதையே நிறுத்திவிடுவார்.

புகைப்படம்

கேட்காமல் எவர் முகத்தையும் வெளியிடாதீர்கள். ஒப்பந்தக்காரர் பார்த்தால் வேலை போகும்.

கூட்ட நேரம்

மீன் விற்கப் போகும் பெண்களிடம் கேட்டுக் குறியுங்கள்.