போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் குழந்தை சாட்சி சொல்லும் நாள்: பெற்றோர் செய்ய வேண்டியவை

சம்மன் கைக்கு வந்ததும், வழக்கு முழுக்கப் பிள்ளைக்குத் துணையாக நியமிக்கப்படும் ஆதரவு நபருக்குச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இதுவரை இல்லையென்றால், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது மொழி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, அஞ்செட்டிப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கும் நடந்த கொடுமையைத் தமிழில் சொல்ல வராது. போக்சோ சட்டம் 38ஆம் பிரிவின்படி மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று, வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பே அரசு வழக்கறிஞர் மூலம் மனு போடுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் வாய்தா தள்ளிப்போகும். சொந்தக்காரரை மொழிபெயர்க்க விடாதீர்கள். எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

பதிலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பயத்தில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு இதுதான். “இப்படிச் சொல்லணும்னு யார் சொல்லிக் கொடுத்தாங்க?” என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், “அம்மா” என்று பிள்ளை சொல்லிவிடும், நிஜமாக நடந்ததும் அதோடு சந்தேகத்துக்குள்ளாகும். “தெரியாது”, “ஞாபகம் இல்லை”, “கேள்வி புரியலை” என்று சொல்லலாம் என்பதை மட்டும் புரிய வையுங்கள். முடிந்தால் முன்னதாக ஒருநாள் நீதிமன்ற அறையைக் காட்டிவிடுங்கள்.

அஞ்செட்டியிலிருந்து மலைப்பாதையில் பஸ் ஏறிவரும் பிள்ளை வாந்தியும் களைப்புமாகத்தான் வந்து இறங்கும். சாப்பிட வைத்து, மாற்று உடையும் எடுத்து வாருங்கள். பிள்ளையை முதலில் விசாரிக்கும்படி அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) ஆட்கள் நிற்கும் வராந்தாவில் காத்திருக்க வேண்டாம். தனி அறை கேளுங்கள். சாட்சி சொல்லும்போது எதிரி பிள்ளையின் கண்ணில் படக்கூடாது என்கிறது 36ஆம் பிரிவு. திரையோ காணொளி வசதியோ இருக்கிறதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். வக்கீல்கள் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் பிள்ளையிடம் கேட்க வேண்டும். இது 33(2) பிரிவு. நேரடியாகக் கேள்வி பாய்ந்தால் அரசு வழக்கறிஞர் உடனே எழுந்து சொல்ல வேண்டும். இதை அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பிள்ளை சோர்ந்தால் இடைவேளை கேட்கலாம்.

நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியம் பதிவாக வேண்டும். தாமதமானால் காரணத்தை நீதிமன்றம் பதிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா கேட்டால், 35ஆம் பிரிவைச் சொல்லி எதிர்க்கச் சொல்லுங்கள். ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப வரவழைப்பது பெரிய கொடுமை. சட்டமும் அதைத் தடுக்கிறது.

சிகிச்சைக்கோ படிப்புக்கோ பணம் தேவையென்றால் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எப்போது வேண்டுமானாலும் இடைக்கால இழப்பீடு கேட்டு அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு பணம் தர வேண்டும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இல்லாமல் பணம் தேங்கிவிடாதபடி, கணக்கை இப்போதே தொடங்கிவிடுங்கள்.