தோட்டத்து மண்ணில் சிலிப்பர் ஆர்க்கிட்: முதன்முறை நடுபவர்களுக்கு

இலையுதிர்காலத்தில் வாங்கிவரும் சிலிப்பர் ஆர்க்கிட்டைப் பிரித்துப் பார்த்தால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். இலையும் இல்லை, பூவும் இல்லை. இஞ்சித் துண்டு போன்ற ஒரு மட்டநிலத்தண்டு, அதிலிருந்து நாலாபுறமும் சணல்கயிறு போல நீளும் வேர்கள், நுனியில் கூரான ஒன்றிரண்டு குருத்துகள். அவ்வளவுதான். ஆனால் வரப்போகும் வசந்தத்தின் தண்டும் இலையும் அந்தக் குருத்துக்குள் ஏற்கெனவே உருவாகிவிட்டன. அதை அழுகவிடாமல் குளிர்காலத்தைத் தாண்டவைப்பதுதான் நம் வேலை. நான் பார்த்தவரை இந்தச் செடி பட்டினியால் சாவதில்லை. தேங்கும் நீராலும் அள்ளிப்போடும் எருவாலும்தான் சாகிறது.

நான் இங்கே சொல்வது சிப்ரிபீடியம் என்ற பேரினத்தைப் பற்றி. ஜன்னலோரத் தொட்டியில் வளரும் பாஃபியோபெடிலமும் சிலிப்பர் ஆர்க்கிட்தான், ஆனால் அது வெப்பமண்டலச் செடி, அதன் வளர்ப்பு முறையே வேறு. சிப்ரிபீடியத்தில் ஏறத்தாழ 50 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளைச் சேர்ந்தவை. ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாதங்களாவது 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறங்கினால்தான் அடுத்த ஆண்டு ஒழுங்காக முளைக்கும். உங்கள் ஊரில் அப்படியொரு குளிர்காலம் இல்லை என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்து மறைந்துவிடும்.

எதை வாங்குவது

முதல் செடியாகக் கலப்பினம் ஒன்றை எடுங்கள். ‘கிசெலா’, ‘உல்லா சில்கென்ஸ்’ இரண்டும் நல்ல தொடக்கம். தூய இனங்களைவிட இவை வீரியமானவை, மண் சற்று முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இளஞ்சிவப்பு நிற அகாலே இனத்தின் அழகில் மயங்கிவிடாதீர்கள். மிகுந்த அமில மண்ணைத் தவிர வேறெதிலும் அது நிலைக்காது. அனுபவசாலிகளே அதனிடம் தோற்றிருக்கிறார்கள்.

விலை கூடுதலாகத் தெரியலாம், அதற்குக் காரணம் உண்டு. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு அதில் கிடையாது. இயற்கையில் மண்ணிலுள்ள ஒரு பூஞ்சைதான் அதற்கு ஊட்டம் தருகிறது. ஆய்வகத்தில் அந்த ஊட்டத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் கொடுத்து முளைக்கவைத்து, பூக்கும் அளவுக்கு வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காத்திருக்க மனமில்லாதவர்கள்தான் காட்டிலிருந்து பிடுங்கி விற்கிறார்கள். ஐரோப்பாவின் மஞ்சள் சிலிப்பர் ஆர்க்கிட் அழகுக்காகப் பறித்துப் பறித்தே இங்கிலாந்தில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1930-இல் யார்க்ஷயரில் ஒரே ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டு, இடத்தைச் சொல்லாமல் பல ஆண்டுகள் காவல் காத்தார்கள். எனவே ஆய்வகத்தில் வளர்த்ததா என்று கேட்டு, உறுதியான பதில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கிய செடி உங்கள் தோட்டத்தில் பிழைப்பதும் அரிது.

இடமும் குழியும்

காலை வெயில், நண்பகலுக்குப் பின் நிழல். இலையுதிர் மரத்தின் கிளைகள் வடிகட்டித் தரும் வெளிச்சமும் நன்று, ஆனால் மரத்தின் வேர்ப்பின்னலுக்குள் நடாதீர்கள்.

மண்தான் எல்லாம். என் முதல் செடிக்கு நன்றாக மக்கிய எருவைக் குழி நிறையப் போட்டேன். வசந்தத்தில் எதுவும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் வேர்கள் பழுப்பேறி, விரலில் எடுத்ததும் தோல் மட்டும் கழன்று வந்தது. இந்த வேர்களுக்குக் காற்று வேண்டும். செழிப்பான, அடர்ந்த மண் மழைக்காலத்தில் அந்தக் காற்றை வெளியேற்றிவிடுகிறது.

எனவே 30 செ.மீ. ஆழம், 50 செ.மீ. அகலத்தில் குழி எடுங்கள். அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நீர் நின்றால் உங்களுடையது களிமண். அங்கே குழி என்பது கிணறாகிவிடும். அப்படியானால் தரைக்கு மேல் 15 முதல் 20 செ.மீ. மேடு கட்டி அதில் நடுங்கள். நிரப்புவதற்கு மூன்று பங்கு பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிறத் துகள்), ப்யூமிஸ் கல் (நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) அல்லது தூசி நீக்கிய பருமணல். ஒரு பங்கு தோட்ட மண்ணும் இலைமக்கும். கையில் அள்ளிப் பிடித்துவிட்டால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். பார்க்க வறட்சியாகத் தெரியும், ‘இதில் என்ன வளரும்’ என்று தோன்றும். எருவைச் சேர்க்கத் துடிக்கும் கையை அந்த நேரத்தில் கட்டிப்போடுங்கள்.

நடுவது

குழியின் நடுவில் கலவையைச் சிறு குன்றாகக் குவியுங்கள். தண்டை அதன் உச்சியில் அமர்த்தி, வேர்களைச் சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுற்றிலும் விரித்துவிடுங்கள். மடித்துத் திணிக்காதீர்கள், வேர் எளிதில் முறியும். குருத்துகள் மேல்நோக்கி இருக்கட்டும். அவற்றின் நுனிக்கு மேல் 2 முதல் 3 செ.மீ. கலவை போதும், அதைவிட ஆழமாகப் புதைத்தால் அழுகல் தொடங்கும். காலால் மிதிக்க வேண்டாம்; பூவாளியால் நீர் ஊற்றினாலே மண் படிந்துவிடும். மேலே பைன் ஊசியிலையால் மெல்லிய மூடாக்கு இட்டு, இடம் மறக்காமலிருக்க ஒரு குச்சி நட்டுவையுங்கள். வசந்தத்தில் களை கொத்தும்போது குருத்து முறிந்தால் பெரும்பாலும் அந்த ஆண்டுப் பூ போய்விட்டது.

குளிர்காலத்தில் செய்ய வேண்டியது ஏதுமில்லை. தரையில் நட்ட கலப்பினங்கள் கடும் உறைபனியையும் தாங்கும். தொட்டியில் இருந்தால் மட்டும் கவனம்: மண் எல்லாப் பக்கமும் உறையும் என்பதால் தொட்டியையே தரையில் புதைத்துவிடுங்கள்.

முளைத்த பிறகு

குருத்து மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும் வாரங்களில் தினமும் போய்ப் பாருங்கள். ஓடில்லாத நத்தை ஒரே இரவில் அதைத் தின்று தீர்த்துவிடும். அந்தி சாய்ந்ததும் டார்ச் விளக்குடன் சென்று பொறுக்குவதுதான் நான் நம்பும் வழி. அன்றிரவு உறைபனி வரும் என்று தெரிந்தால் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவைத்து, காலையில் எடுத்துவிடுங்கள். வளரும் மாதங்களில் கலவை ஒருபோதும் முழுதாகக் காயக்கூடாது. இலை விரிந்தபின் கோடையின் நடுப்பகுதிவரை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு திரவ உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.

பூ விரிந்ததும் குனிந்து, செருப்பின் முனை போல உப்பிய பை வடிவ இதழை நிதானமாகப் பாருங்கள். தேனீ ஒன்று மேல்வாயில் இறங்கும். உள்ளே தேன் கிடையாது. வந்த வழியே திரும்பவும் முடியாது, விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கிறது. பையின் பின்பக்கத்தில் வெளிச்சம் தெரியும் இரண்டு சிறு துளைகளை நோக்கி உள்மயிர்களைப் பற்றி ஏறும். வழியில் முதலில் சூலக முடியின் அடியிலும், அடுத்து மகரந்தப் பையை உரசியும் நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது அதன் முதுகில் மஞ்சள் பசை அப்பியிருக்கும். இரண்டாவது பூவிலும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும்.

காய் பிடித்தால், செடி இளையதாக இருக்கும்வரை கிள்ளிவிடுங்கள். அந்தச் சத்து மட்டநிலத்தண்டுக்குப் போகட்டும். சிலருக்கு இலையின் மயிர் பட்டால் தோல் அரிக்கும், கையுறை நல்லது. பூ உதிர்ந்தபின் இலைகள் அழகாக இல்லையே என்று வெட்டாதீர்கள். அடுத்த ஆண்டுக் குருத்தை உருவாக்குவது அவைதான். தானாக மஞ்சளாகிச் சாயும்போது அடியில் நறுக்குங்கள். அந்த நேரத்தில் தண்டின் பக்கத்தில் மண்ணை விரலால் லேசாக விலக்கினால் புதுக் குருத்துகளின் நுனி தட்டுப்படும். இந்த ஆண்டு ஒன்று இருந்த இடத்தில் இரண்டு இருந்தால் செடிக்கு இடம் பிடித்துவிட்டது. மண்ணை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.