கொழும்பு மாடியில் திராட்சை: மழையைப் பார்த்து வெட்டுங்கள்

கொழும்பில் திராட்சைக் கொடி நன்றாகவே வளரும். பழுக்கும் நேரத்தில் மழை விழாமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. பிரான்சில் கொடியைக் குளிர் உறங்க வைக்கும், வசந்தம் எழுப்பும். நமக்குக் குளிர் இல்லை. அதனால் கத்தரிக்கோலால் கொடியை வெட்டுவதுதான் பருவத்தைத் தொடங்கி வைக்கும்.

கத்தரித்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஒக்டோபர் தொடக்கத்தில் வெட்டினால் பூ நவம்பர் மழையில் மாட்டி உதிரும். வெள்ளவத்தையில் என் மொட்டைமாடிக் கொடியை நவம்பர் முதல் வாரம்தான் வெட்டுவேன். பூ டிசெம்பரில், பழம் மார்ச்சில், சித்திரை இடிமழைக்கு முன்.

பழம் நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள், ஆனால் வேரைக் காயவிடாதீர்கள். காய்ந்த வேர் திடீர் மழையை உறிஞ்சினால் தோல் வெடிக்கும். வெடித்ததில் பூஞ்சணம் ஏறினால் குலையே போச்சு. வானம் கறுத்தால் மேலே பொலித்தீன் கட்டுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும், காற்று ஓட வேண்டும்.

அப்புறம், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். குலையின் நுனிப் பழத்தைப் பிய்த்து விதையைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பொறுங்கள். பழுப்பாகி, கடித்தால் மொறுமொறுவென்றிருந்தால் அறுக்கலாம். பறித்த பிறகு இனிப்பு ஏறாது.