குயிலிடம் ரிஃப் கேட்டு வாங்குவது எப்படி? வீட்டு வளவிலிருந்தே ஒரு இண்டி ராக் பாட்டு

பறவைகளை வைத்து இண்டி ராக் (பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசை) ஆல்பம் செய்ய ஆசை, ஆனால் கையில் ஒரு கிட்டாரும் போனும்தான் இருக்கின்றனவா? காணும், தொடங்கலாம். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். பாட்டை முழுக்கச் செய்து முடித்துவிட்டுத் தொடக்கத்தில் பத்து விநாடிக்குக் குருவிச் சத்தம் ஒட்டாதீர்கள். பறவை முதலில் பாடட்டும், கிட்டார் அதன் பின்னால் போகட்டும்.

முதல் வேலை ஒலிப்பதிவு. போனில் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியும் செயலி ஒன்றைப் போடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள், அது மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பறவையை இரைச்சல் என்று அழித்துவிடும். விடிய வெள்ளனப் போங்கள். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் வெயில் ஏறினால் மைக் முழுக்கக் காற்றுத்தான், பனையோலைச் சரசரப்பு வேறு. மைக் இருக்கும் பக்கத்தை ஒரு பழைய காலுறைக்குள் விட்டுப் பாருங்கள், நன்றாகவே குறையும்.

எங்கே போவது? யாழ்ப்பாணப் பக்கம் என்றால் பண்ணைப் பாலத்தடி, அரியாலைப் பக்கம், வசதி இருந்தால் சுண்டிக்குளம். ஆனால் முதல் பாட்டுக்கு வீட்டு வளவே போதும். வேலியோரம் செண்பகம், கிணற்றடியில் புலுனிக் (தவிட்டுக்குருவி) கூட்டம், மாமரத்தில் குயில். ஒரு பாட்டுக்குத் தேவையான வாத்தியக்குழு அங்கேயே இருக்கிறது.

சரி, இப்போது ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துணுக்கு. குயிலை ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். ஆண் குயில் ஒரே கூவலைத் திரும்பத் திரும்பக் கூவும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரும், கொஞ்சம் சத்தம் கூடும், உச்சிக்குப் போனதும் சட்டென்று நின்றுவிடும். அந்த ஒரு கூவலுக்குள்ளேயே சுரம் வழுக்கி ஏறுகிறது அல்லவா, அதைக் கிட்டாரின் இரண்டாம் தந்தியில் விரலால் தள்ளி, அதாவது பெண்ட் செய்து பிடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஃப்ரெட் (கிட்டார்க் கழுத்தில் ஒரு கட்டம்) மேலே போங்கள், டிரம்ஸும் கூடவே ஏறட்டும், உச்சியில் எல்லாரும் ஒன்றாக நிறுத்துங்கள். அந்த அமைதிக்குள் பல்லவி விழுந்தால் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியும்.

தாளத்துக்குச் செண்பகம். அதன் தாழ்ந்த 'ஊப் ஊப் ஊப்' வரிசையை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள், அதுதான் உங்கள் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. அதே அடிகளில் பேஸ் கிட்டாரை வையுங்கள். புலுனிகளின் கீச்சுக் கலவரத்தை ஓடாசிட்டி (Audacity) என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாதி வேகமாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், ஷேக்கர் என்ற குலுக்கு வாத்தியம் மாதிரிப் பின்னால் ஓடவிடலாம்.

கலவை செய்யும்போது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், காற்றின் உறுமல் போய்விடும். அதற்கு மேல் வெட்டிக்கொண்டு போனால் செண்பகமும் மெலிந்துவிடும். குயில் வரும் இடத்தில் கிட்டாரின் டிஸ்டார்ஷனை (கரகரப்பு விளைவை) குறையுங்கள், இரண்டும் மோதினால் தோற்பது குயில்தான்.

வரிகளில் 'இயற்கை அன்னையே' வேண்டாம். கிணற்றடி, வேலி, முருங்கை என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: பதிந்த குரலைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். வேறொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக் கூடு கட்டும் நேரத்தில் அது அலைக்கழியும். கடல்நீரேரிக்கு வரும் பூநாரைகளையும் தூரத்தில் நின்றே பதியுங்கள், கிட்டப் போனால் கூட்டமாக எழும்பிவிடும், உங்களுக்குக் கிடைப்பது வெறும் சிறகுச் சத்தம்.

இப்படி நான்கு பாட்டுச் சேர்ந்தால் ஒரு சின்ன ஆல்பம். வாடைக்காற்றோடு வரும் பூநாரையில் தொடங்கி, சோளகத்தில் பனையோலை அடிக்கும் சத்தத்தில் முடியுங்கள். அந்தக் கடைசிப் பாட்டுக்கு மட்டும் காலுறையைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள்.