கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறதா? இமையைப் பாருங்கள்

பெங்களூரில் நாள் முழுக்க ஏசியில் லேப்டாப்பை முறைத்துவிட்டு அல்சூர் வீட்டுக்கு வந்தால் கண் உறுத்தும்; நானும் தூசிதான் என்று தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தேன். விஷயம் இமையில் இருந்திருக்கிறது. மேல் இமைக்குள் 25 முதல் 40, கீழ் இமைக்குள் 20 முதல் 30 எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கொஞ்சம் எண்ணெய் கசிந்து பாலின் மேல் ஆடை போலக் கண்ணீரின் மேல் படியும், அது இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைவு, அதிலும் பல, கண்ணை முழுதாக மூடாத அரை இமைப்பு. எண்ணெய் உள்ளேயே கட்டிக்கொள்ளும்.

சரி, லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் (கொதிக்கக் கொதிக்க வேண்டாம், உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான்) நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். அப்புறம் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள். கண்கட்டி இருந்தால் பிதுக்காதீர்கள். பார்வை மங்கினாலோ வலித்தாலோ நேரே கண் டாக்டரிடம். மை தீட்டுபவர்கள் இமை விளிம்பின் உள்பக்கத்தை விட்டுவிடுங்கள், சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது.